ஒரு சாணுக்கு மேல்

மூன்று தாலுகாக்களில் ஒன்பது வருஷமாக யாரும் மண்ணைத் தோண்டியதில்லை.

கல்யாண வீடுகளில் முகூர்த்தக்காலைப் பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி ஊன்றினார்கள். ஆட்டுக்கு முளைக்குச்சி அடிக்க முடியாது என்பதால் சிமெண்ட் கட்டையில் கட்டினார்கள். பனங்கிழங்கு வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. நிலக்கடலை என்றொரு பயிர் இந்தப் பக்கம் விளைந்ததே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. கோலிக்குண்டு விளையாடக் குழி பறித்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் நோட்டீஸ் போனது. எலிக்கும் பெருச்சாளிக்கும்தான் நோட்டீஸ் அனுப்ப வழி தெரியவில்லை.

காரணம் மண்ணுக்குள் இருந்தது. ஏழு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்து, ராமநாதபுரம் சீமையில் பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், நிலவலை வாரியம் என்று ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரு வேர்ப்பூசணத்தை மக்கிய எருவோடு கலந்து அறுபத்தொரு ஊர் நிலத்திலும் தூவினார்கள். தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள். வேர் நுழைய முடியாத இடுக்கிலெல்லாம் அவை நுழைந்து, அங்கிருக்கிற துளி ஈரத்தை உறிஞ்சி வேருக்குக் கொண்டுவந்து கொடுத்தன. பதிலுக்குச் செடி கொஞ்சம் சர்க்கரை கொடுத்தது. வரப்பு தாண்டி, ஊர் தாண்டி, இழையோடு இழை சேர்ந்து எல்லாம் ஒரே வலையாயிற்று. கிழக்கே பெய்த தூறலின் ஈரம் மேற்கே இருந்த மிளகாய்ச் செடிக்குப் போயிற்று. பூட்டிய வீடுகள் திறந்தன.

அதற்கு அடுத்த வருஷம் ஓர் ஊரில் குழாய் பதிக்க ஒருவர் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினார். வலை அறுந்தது. அறுந்ததற்கு அந்தப் பக்கம் முந்நூறு ஏக்கர், பதினோரே நாளில் கருகிப்போயிற்று. அன்றுதான் சட்டம் வந்தது. வலைக்குள் ஒரு சாணுக்கு மேல் யாரும் தோண்டக் கூடாது. வலை மண்ணை வெளியே எடுத்துப்போகக் கூடாது. கடப்பாரை, மண்வெட்டி வைத்திருப்போர் தாலுகா கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.

எரிக்கிற வழக்கம் உள்ளவர்களுக்குச் சாவில் சிக்கல் இல்லை. புதைக்கிறவர்கள்தான் திண்டாடிப்போனார்கள். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இந்துக்களிலும் பல சாதிக்காரர்கள் என்று எல்லாருக்குமாக, வலைக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பாறைத்திடல் என்ற பொட்டலை ஒதுக்கியிருந்தார்கள். வாரியத்தின் வேன் வரும், ஏற்றிக்கொண்டு போகும்.

இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிற வேலை மகிழினிக்கு. வயது நாற்பத்தொன்று. பதவியின் பெயர் தோண்டல் அனுமதி அலுவலர். ஒன்பது வருஷத்தில் ஓர் அனுமதிகூட அவள் கொடுத்ததில்லை. கெட்ட மனுஷி இல்லை. கருகிப்போன அந்த முந்நூறு ஏக்கரையும் வரப்பு வரப்பாக நடந்து கணக்கெடுத்தவள் அவள்தான். அந்தப் பதினோரு நாளும் அவளுக்குள் அப்படியே இருந்தன.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒட்டங்கரையிலிருந்து தகவல் வந்தது. யாரோ குழி வெட்டுகிறார்கள்.

மகிழினி ஸ்கூட்டரை வயல் ஓரம் நிறுத்திவிட்டு இறங்கியபோது, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். கையில் துருப்பிடித்த கடப்பாரை. புடவையெல்லாம் மண். ஊர் எருக்கொட்டகையை நடத்துகிற டெய்சி. வயலும் அவளுடையதுதான். அவளும் கணவன் ஜெரோமும்தான் அந்த ஊரின் குப்பை, சாணம், இலைதழை எல்லாவற்றையும் மக்க வைத்து வயல்களுக்குக் கொடுப்பவர்கள்.

"டெய்சி, என்ன காரியம் பண்றீங்க! மேல வாங்க மொதல்ல."

"இன்னும் மூணு அடி இருக்கு மேடம். முடிச்சிட்டு வாறேன்."

"எதுக்கு இது?"

டெய்சி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அவுக நேத்து போயிட்டாக. நெஞ்சு வலின்னாக, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்."

ஜெரோமுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் இருக்கும். போன மாதம்கூட அலுவலகத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு டெய்சி. ஆனா வேன் வரும். பாறைத்திடல்ல..."

"எனக்குத் தெரியும் மேடம். அங்க கொண்டுபோறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. மண்ணு எங்கேயும் மண்ணுதான். ஆனா அவுக ஒங்ககிட்ட ஒரு குழி கேட்டாக. மூணு லெட்டர் எழுதுனாக. உசுரோட இருக்கையில கெடைக்கல."

மகிழினிக்கு அந்தக் கடிதங்கள் நினைவிருந்தன. வலைக்கு வயதாகிவிட்டது, ஓரிடத்தில் வெட்டி எரு போட்டுப் பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார். மூன்றிலும் 'விதிக்குப் புறம்பானது' என்ற முத்திரையைக் குத்தியது அவள் கைதான்.

டெய்சி குழியை விட்டு ஏறி வந்தாள். அழவில்லை. வயல் நடுவே நின்ற ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினாள். "வேரைப் பிழிஞ்சு பாருங்க."

வேரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நனைந்த பஞ்சுமெத்தை போல இழைகள் திரண்டிருந்தன. மகிழினி அழுத்தினாள். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. ஆனால் செடியின் இலை துவண்டிருந்தது.

"தண்ணி இருக்குல்ல? செடிக்குக் குடுக்க மாட்டேங்குது. தானே குடிச்சிட்டுப் படுத்திருக்கு. இப்ப இதைப் பாருங்க." டெய்சி வரப்போரம் போய், ஒரு பெருச்சாளி வளைக்குப் பக்கத்தில் நின்ற செடியைப் பிடுங்கி வந்தாள். அதன் இலை கரும்பச்சையாக இருந்தது. வேரில் பால் வெள்ளையாகப் புது இழைகள். மண் பொலபொலவென்று உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "பெருச்சாளி அறுத்த எடத்துலதான் புதுசா தழைக்குது. பக்கத்துலயே அது இழுத்துப்போட்ட குப்பையும் மக்கிக் கெடக்கு. அறுந்தா சாகாது மேடம். அறுந்து பட்டினி கெடந்தாத்தான் சாகும். அவுக சொன்னது இம்புட்டுத்தான்."

"அந்த முந்நூறு ஏக்கர்?"

"அங்க வெட்டிட்டுச் சும்மா போட்டுட்டாக. ஒரு கூடை எரு கெடையாது. வலையும் அப்ப பச்சைப் புள்ள."

வரப்பு முனையில் ஈரக்கோல் நின்றது. மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் வேருக்குப் போகிறது என்று காட்டுகிற கருவி. அறுபது இருந்தால் பயிர் சந்தோஷமாக இருக்கும். நாற்பதுக்குக் கீழே வாடும். முப்பதுக்குக் கீழே போனால் திரும்பாது. அன்றைக்கு நாற்பத்து மூன்று காட்டியது. போன ஆடியில் அறுபத்தொன்று. மாதா மாதம் இறங்கிக்கொண்டே வந்ததை மகிழினியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெயில் அதிகம் என்று வாரியம் சொன்னது. அவளும் அதையே எல்லாரிடமும் சொன்னாள்.

கோட்டப் பொறுப்பாளர் நிரஞ்சனுக்குப் போன் செய்தாள்.

"குழியை உடனே மூடுங்க. பாடியை வேன்ல ஏத்துங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர்.

"சார், ஈரம் குறைஞ்சிட்டே வருது. இவங்க சொல்றதுல..."

"மகிழினி, அறுபத்தொரு ஊர் சாப்பாடு அந்த வலையில தொங்குது. ஒரு எருக்கொட்டகைக்காரம்மா சொன்னாங்கன்னு அதைக் கிழிக்கச் சொல்றீங்களா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். மகிழினி போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த இரண்டு செடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து அனுமதிப் படிவத்தை எடுத்து, ஸீட்டின் மேல் வைத்தே எழுதினாள். ஆழம் ஆறடி. காரணம் என்ற இடத்தில் சற்று நேரம் பேனா நின்றது. 'விண்ணப்பதாரர் மூன்று முறை கேட்டிருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்தபோது பக்கத்து வயல்காரர் சிக்கந்தர் வரப்பில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகம் கல்லாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டீகளா மேடம்?"

"போட்டுட்டேன்."

"போன வருஷம் இதே பங்குனியில எங்க உம்மா மவுத்தாச்சு. ஒங்க ஆபீஸ் வாசல்ல நின்னு மூணு மணி நேரம் கெஞ்சுனேன். எங்க அத்தா பக்கத்துல, எங்க மையவாடியில, ஆறடி மண்ணு. என்ன சொன்னீக? ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் சிக்கந்தர் பாய்."

"அன்னைக்குத் தப்பா, இன்னைக்குத் தப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நாலு மணிக்கு அடக்கம் நடந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்து முடித்ததும் டெய்சி கொட்டகையிலிருந்து இருபது கூடை எருவைக் கொண்டுவரச் செய்தாள். குழியின் நாலு பக்கச் சுவரிலும், அறுந்து தொங்கிய இழைகளின் மேல், கைநிறைய அள்ளி அள்ளி அப்பினாள். மீதியைப் பெட்டியின் மேல் பரப்பி மண்ணைத் தள்ளினார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் தள்ளியே நின்றார்கள். துக்கத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது அவர்கள் முகத்தில்.

பயந்தபடியேதான் ஆயிற்று. மறுநாள் ஈரக்கோல் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. ஐந்தாம் நாள் மகிழினிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல ஒட்டங்கரைக்குப் போனாள். வேறெங்கு போக? ஆறாம் நாள் முப்பத்து மூன்று. கல்லறையைச் சுற்றியிருந்த பதினான்கு குடும்பத்து மிளகாயும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கப்போட்டு நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தப்பிரும் மேடம்," என்றாள் டெய்சி. "புது இழை வர நாள் எடுக்கும்." ஆனால் சொல்லும்போது அவள் கண் ஈரக்கோலில்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு மகிழினியின் போன் அடித்தது. சிக்கந்தர்.

"மேடம், பாறைத்திடலுக்கு வாங்க. ஒடனே. வரும்போது ஒரு ஈரக்கோல் எடுத்துட்டு வாங்க."

"அங்க வலையே கிடையாதே பாய். எதுக்கு ஈரக்கோல்?"

"வாங்க மேடம். வந்து பாருங்க."

டெய்சியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள். மகிழினி அங்கே போய் எட்டொன்பது வருஷம் இருக்கும். ஒதுக்கிய புதிதில் ஒரு தடவை எல்லைக்கல் நட வந்தாள். சரளையும் பாறையும் நாலு உடைமரமுமாகக் கிடந்த பொட்டல் அது. போகிற வழியெல்லாம் அனல் அடித்தது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன.

வளைவு திரும்பியதும் அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள்.

பாறைத்திடல் பச்சையாக இருந்தது.

கல்லறைகளுக்கு இடையே முழங்கால் உயரம் புல். யாரோ சமாதிக்கு வைத்த செவ்வரளி ஆள் உயரம் வளர்ந்து பூத்துக் குலுங்கியது. கிறிஸ்தவர்கள் பக்கம், முஸ்லிம்கள் பக்கம், மற்றவர்கள் பக்கம் என்று போட்டிருந்த கல்வரிசையையே புல் மூடியிருந்தது. இரண்டு வருஷமாக ஒரு நல்ல மழை இல்லாத பூமி அது.

சிக்கந்தர் தன் தாயின் கபுருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இன்னைக்கு வருஷ ஃபாத்திஹா. ஓதலாம்னு வந்தேன். போன வருஷம் இம்புட்டு இல்ல. இருந்துச்சோ என்னமோ, நான் அன்னைக்குப் பாக்குற நெலையில இல்ல."

கபுர்களுக்கு வெளியே, ஓரத்துப் புல்லுக்கு நடுவே மகிழினி ஈரக்கோலைச் செருகினாள். எண் ஏறியது. ஐம்பது. அறுபது. எழுபத்து நாலில் நின்றது.

அவள் அதைப் பிடுங்கி இரண்டடி தள்ளிச் செருகினாள். அப்போதும் எழுபத்து நாலு.

"இங்க யாருமே பூசணம் தூவலையே," என்றாள் மகிழினி. "எப்படி வந்துச்சு?"

சிக்கந்தர் தொண்டையைச் செருமினார். "நாங்கதான் கொண்டாந்தோம்."

"யாரு?"

"எல்லாரும். ஊருல அடக்கம் பண்ண முடியலைன்னு ஆன பெறகு, வர்ற ஒவ்வொருத்தரும் மடியில ஒரு பொட்டலம் சொந்த மண்ணு கொண்டாந்து உள்ளே போட்டாக. உம்மாவுக்கு எங்க வயல் மண்ணை நான் போட்டேன். வேன் டிரைவருக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாரு. வலை மண்ணை வெளிய கொண்டுபோறது குத்தம்தான். எழுதிக்கங்க மேடம்."

மகிழினி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷம். நானூறுக்கு மேல் கல்லறைகள். ஒவ்வொன்றும் வெட்டி, கிளறி, அறுபத்தொரு ஊர் மண்ணும் கலந்து, மாலையும் இலையும் வைக்கோலும் மேலே மக்கி... வாரியத்து ஆய்வுக்கூடம் செய்யத் துணியாத சோதனையை, துக்கத்தில் வந்த ஜனங்கள் தெரியாமலே செய்து முடித்திருந்தார்கள். வலை இல்லாத இடம் என்பதால் ஒருவரும் இங்கே வந்து அளந்து பார்க்கவில்லை.

டெய்சி ஒரு புல் கொத்தை மெதுவாக இழுத்து வேரைப் பிரித்தாள். வெள்ளை இழையோடு பழுப்பு இழை, மஞ்சள் இழை என்று பின்னிக் கிடந்தது. "இங்க பாருங்க, நம்ம பூசணம் மட்டும் இல்ல. அந்தந்த ஊர் மண்ணுல பழசா இருந்ததும் கூட வந்திருக்கு. ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு எழுப்பி விடுது." அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. "அவுக இதைப் பாக்காமப் போயிட்டாகளே!"

சிக்கந்தர் குனிந்து, தன் தாயின் தலைமாட்டுக்கு அப்பால், ஓரத்துப் புல்லடியில் ஒரு கை மண்ணை அள்ளித் தொப்பியில் போட்டார். "ஒரு பிடி கொண்டாந்தோம். ஒரு பிடி கொண்டுபோவோம். மேடம், என் வயல்ல தோண்டுங்க."

"பாய், உங்க வயல் முப்பத்திரண்டுல இருக்கு. வெட்டி, பலிக்கலைன்னா ஒரு செடி மிஞ்சாது."

"வெட்டலைன்னா மிஞ்சுமா?"

மகிழினி ஈரக்கோலைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு நடந்தாள்.

அன்று பிற்பகலே ஆரம்பித்தார்கள். டெய்சியின் எருவில் பாறைத்திடல் மண்ணைக் கலந்தார்கள். ஒட்டங்கரையில் இருந்தது அந்த ஒரே கடப்பாரை. டெய்சி அதை ஒன்பது வருஷமாக எருக்குவியலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சிக்கந்தர் வெட்ட, மகிழினி எருவை நிரப்ப, டெய்சி காய்ந்த இலையால் மூட, வயலுக்குக் குறுக்கே முழ ஆழத்தில் ஒரு பள்ளம் நீண்டது. முதலில் யாரும் கிட்டே வரவில்லை. அப்புறம் ஒரு பெண் வந்து கூடையைத் தூக்கினாள். அந்தி சாய்வதற்குள் இருபது பேர் வரிசையாக நின்று கூடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வயலையும் வெட்டி முடிக்க மறுநாள் மதியமாயிற்று.

எட்டாம் நாள் முப்பத்தொன்று. ஒன்பதாம் நாள் முப்பது. பத்தாம் நாளும் முப்பது. இறங்கவில்லை என்பதே ஒட்டங்கரைக்குப் போதுமாக இருந்தது. எல்லாரும் ஈரக்கோலைச் சுற்றியே சோறு தின்றார்கள்.

பதினோராம் நாள் காலை நிரஞ்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட நாலு ஆட்கள், கையில் பள்ளங்களை மூட உத்தரவு. வரப்பில் வேகமாக நடந்து வந்தவர் கூட்டத்தைப் பார்த்து நின்றார். அத்தனை பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குச்சியைப் பார்த்து நின்றார்கள்.

"முப்பத்தாறு!" என்று கத்தினார் சிக்கந்தர்.

"ஜெரோம் கிட்ட என்ன?" என்று மகிழினி ஓடினாள். கல்லறையோரத்து ஈரக்கோல் நாற்பத்தொன்று காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டு ஆயிற்று.

டெய்சி மண்டியிட்டு, கல்லறை மண்ணை அப்படியே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "கேட்டுச்சா? நாப்பத்திரண்டு," என்றாள். "நாப்பத்திரண்டு!" அவள் அழுததும் சிரித்ததும் ஒன்றாகவே கேட்டது.

நிரஞ்சன் காலணியைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, பள்ளத்து ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். அவரும் மண் படித்து வந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது, அவ்வளவே. வேரின் புது வெள்ளையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த உத்தரவால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வாரியத்துக்கு நான் என்னன்னு எழுதறது மகிழினி?"

"உள்ளதை எழுதுங்க சார். ஜெரோம் எழுதின மூணு லெட்டரையும் சேர்த்து வைங்க. நான் குத்தின முத்திரையோடயே."

அவர் எழுதினார். தன் பெயரையும் விடாமல் எழுதினார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து ஒட்டங்கரையையும் பாறைத்திடலையும் அளந்தார்கள். மூன்றாவது தடவையும் அளந்த பிறகுதான் நம்பினார்கள். ஒட்டங்கரை அன்றைக்கு அறுபத்தைந்தில் இருந்தது. அந்த மாதக் கடைசியில் சட்டம் நீங்கியது. மகிழினியின் பணிநீக்கமும் ரத்தாயிற்று.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தாலுகா கிடங்கின் கதவைத் திறந்தார்கள். ஒன்பது வருஷத் துருவோடு ஆயிரக்கணக்கான மண்வெட்டிகள். அடையாளம் சொல்லி வாங்கிப்போக ஊர் ஊராக வந்து நின்றார்கள். "இது என் அப்பாவோடது, பிடியில பல்லு பட்ட தடம் இருக்கு பாருங்க," என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பட்டறைகளில் பழுக்கக் காய்ச்சித் தட்டுகிற சத்தம் நாளெல்லாம் கேட்டது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒருவருக்கும் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. டெய்சிக்கு இருபத்தேழு ஊரிலிருந்து அழைப்பு. எரு மக்குகிற பதத்தை முகர்ந்து பார்த்தே சொல்கிறாள் என்று அவளைக் கூட்டிப்போகக் கார் வந்தது. அவள் எல்லா ஊரிலும் முதல் வெட்டு வெட்டுவதற்கு முன்னால் ஜெரோமின் முதல் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். நாலே வரி. வாசிக்க அரை நிமிஷம் ஆகாது.

மண் எடுக்கப் பாறைத்திடலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தங்கள் ஆட்கள் கிடக்கிற பக்கத்து ஓரப் புல்லடியில் ஆளுக்கு ஒரு பிடி. விரும்பினால் உடல்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மகிழினி அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் சிக்கந்தர் வீட்டுக்குத்தான் போனாள். எப்படிக் கொடுப்பதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

சிக்கந்தர் படிவத்தை முழுசாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் மேடம். உம்மா இருக்கட்டும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு கல்லு போட்டு வச்சிருந்தோம், அதையே காணோம். அங்க இப்ப நெழல் இருக்கு, கூட ஆளும் இருக்கு. இங்க கூட்டியாந்தா, அந்தக் கெழவி என்னைத் திட்டும்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "டீ சாப்புட்டுப் போங்க," என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளை உட்காரச் சொன்னது அன்றுதான்.

தோண்டல் அனுமதி அலுவலகம் மூடப்பட்டது. அதே அறையில், அதே மேஜையில், மகிழினி எருக்கொட்டகைகளைக் கவனிக்கிற அலுவலரானாள். ஆவணி வந்தது. மழை அந்த வருஷமும் சரியாக இல்லை. ஆனால் அறுபத்தொரு ஊரிலும் ஈரக்கோல் எங்கேயும் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. மிளகாய் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. யாரோ ஒருவர் கால் ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்ததை வேடிக்கை பார்க்கப் பஸ் ஏறி வந்தார்கள்.

ஒரு நாள் காலை, வாசலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தட்டாரேந்தல் என்ற ஊர். வலையின் எல்லை ஆற்றோடு முடிந்தது. அந்த அகல மணலைத் தாண்டிப் பூசணம் போகாது என்று வாரியம் முதல் வருஷமே எழுதிவைத்திருந்தது. அதனால் அக்கரை ஊர்கள் எதுவும் பட்டியலில் இல்லை.

"எங்க ஊரு ஒங்க பட்டியல்ல கெடையாது மேடம்," என்றாள் அந்தப் பெண். "நாங்க ஒண்ணும் தூவலை. ஒரு பிடி மண்ணும் யாருகிட்டயும் வாங்கலை, சத்தியமா. ஆனா எங்க ஆத்தோர வயல்ல குதிரைவாலி காயாம நிக்கிது. மூணு வருஷத்துல இப்பத்தான். எங்க மேல எதுவும் கேஸு வருமா?"

மகிழினி எழுந்து அவளோடு போனாள். காய்ந்த ஆற்று மணலை நடந்து கடந்து அக்கரை ஏறினார்கள். நாலு வயல் பச்சையாக நின்றது. அதற்கு அடுத்த வயல் பாதி பச்சை, பாதி பழுப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல இருந்தது. அந்தப் பெண் நேற்று குச்சி நட்டு வைத்த அடையாளத்தைவிடக் கோடு இன்று ஒரு எட்டு தள்ளிப் போயிருந்தது.

"இதுக்கு யாரு அனுமதி குடுத்தா மேடம்?"

"யாருமே குடுக்கலை," என்றாள் மகிழினி. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அடியில என்னதான் இருக்குன்னு ஒரு தடவ தோண்டிப் பாக்கட்டுமா?"

"தாராளமா," என்று மகிழினி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். "தோண்டுங்க."